கணிப்பொறியில் கவிதை: வெற்றுரையும் உரைத்தொகுப்பியும்



ஒரு கவிதை எதில் எழுதப்படுகிறது என்பது அக்கவிதையின் வாழ்நாளோடு தொடர்புடையது. ஓலை கிழியாதிருக்கும் பொருட்டு முற்காலத்தில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமல் எழுதினர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் சுவடிகளில் வேறுபாடின்றி நின்றன. அவற்றால் எழுந்த ஐயங்களைக் களைவதிலேயே பதிப்பாசிரியர் பலருடைய காலமும் கண்ணொளியும் கழிந்தன. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் தேர்ந்தார். எழுதுபொருளின் குறை நாளடைவில் எழுத்தின் குறையாகவே மாறிவிடும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும். இன்று கவிஞர் பலருக்கும் எழுதுபொருள் கணிப்பொறி. அதில் எவ்வகைக் கோப்பில், எவ்வகைக் கருவியால் எழுதினால் எழுத்து நிலைக்கும் என்பதே இவ்வுரையின் பொருள்.

எண்ணாகும் எழுத்து

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் அவை போதுமாயின. தமிழுக்கு அதில் இடமில்லை. ஆகவே தமிழ் எழுத்துரு செய்தோர் ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் எழுத்தின் வடிவத்தைப் பொருத்தினர். எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி ஒழுங்கு கொண்டது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணிப்பொறி தன்னுள் வைத்துக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளையே. அந்த எழுத்துரு உள்ளவரை அவை ‘அம்மா’ எனத் தோன்றும். அஃது இல்லாத பொறியில் அம்மாவும் இல்லை. பொருளற்ற ஆங்கிலக் குறிகளே எஞ்சும்.

1990களில் கணிப்பொறியில் எழுதத் தொடங்கிய கவிஞர்கள் பலர் இந்நிலையிலேயே எழுதினர். அவர்கள் சேமித்தது கவிதை என்று கருதினர். உண்மையில் அவர்கள் சேமித்தது ஓர் எழுத்துருவுக்கு மட்டுமே விளங்கும் மறைமொழி. இக்குழப்பத்தைத் தீர்க்கப் பல முயற்சிகள் நிகழ்ந்தன. டிஸ்கி என்னும் பொதுக்குறியீடு தன்னார்வலர்களால் வகுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் ’99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியீடுகளை அறிவித்தது. 1991ஆம் ஆண்டு முதற்பதிப்புக் கண்ட யூனிகோடு உலக மொழிகள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வழங்கியது. அதன்படி அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. இவ்வெண்கள் வேறு எம்மொழி எழுத்துக்கும் உரியன அல்ல. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

இங்கு ஒரு நிகழ்ச்சி நினைக்கத்தக்கது. யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதிவைக்க இன்று உலகெங்கும் வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூஜெர்சி மாநிலத்து உணவகம் ஒன்றில் வகுத்தனர். அதன் வரைவு உணவு மேசையின் தாள்விரிப்பில் எழுதப்பட்டது. இன்று தமிழில் எழுதப்படும் கவிதைகளுள் பெரும்பாலானவை அம்முறையிலேயே சேமிக்கப்படுகின்றன.

வெற்றுரை என்பது

எழுத்தும் இடைவெளியும் வரிமுடிவும் அன்றி வேறொன்றும் இல்லாத கோப்பே வெற்றுரைக் கோப்பு. தடித்த எழுத்து, வண்ணம், பக்க அமைப்பு முதலியன அதில் இல்லை. சொற்செயலி உருவாக்கும் கோப்போ எழுத்தோடு அலங்காரத்தையும் கலந்து வைக்கிறது. அதனைத் திறக்க அதே மென்பொருளோ அதனை ஒத்த ஒன்றோ வேண்டும். வெற்றுரையைத் திறக்க எந்தப் பொறியும் போதும்.

வெற்றுரை என்பதனாலேயே எழுத்து காப்பாற்றப்படும் எனக் கருதுதல் பொருந்தாது. டிஸ்கியில் எழுதிய கோப்பும் வெற்றுரையே. அக்குறியீட்டை அறியாத பொறியில் அதுவும் படிக்க இயலாததே. ஆயினும் டிஸ்கியின் எண் அட்டவணை வெளிப்படையாக இருந்தமையால் அதனை யூனிகோடாக மாற்றும் நிரல்கள் எழுதப்பட்டன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் டிஸ்கியில் வெளியிட்ட இலக்கிய நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாறியது இவ்வாறே. வெற்றுரை என்ற எளிமை ஒன்று, அட்டவணையின் வெளிப்படை மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே எழுத்துக்குக் காப்பாகின்றன.

கைக்கேற்ற கருவி

வெற்றுரையை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளே ‘டெக்ஸ்ட் எடிட்டர்’ எனப்படும் உரைத்தொகுப்பி. விண்டோஸ் பொறிகளில் உள்ள நோட்பேட் அவ்வகையில் மிக எளியது. தொடங்குவோர்க்கு அதுவே போதும். எழுதுவோர் தம் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரைத்தொகுப்பிகளுள் பழமையும் பெருமையும் வாய்ந்தவை இரண்டு.

ஒன்று வி.ஐ. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய் 1976ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார். நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளையே கடத்தும் தொலைபேசி இணைப்பில் பயன்படுத்த வேண்டியிருந்தமையால் ஒவ்வொரு விசையும் சிக்கனமாக அமைந்தது. இதன் கட்டளைகளில் ஓர் இலக்கணமே உண்டு. ‘டி’ விசை நீக்குதல் என்னும் வினை. ‘டபிள்யூ’ விசை சொல் என்னும் பெயர். இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் ‘சொல்லை நீக்கு’ எனப் பொருள்படும். எண்ணுப்பெயரையும் முன்னே சேர்க்கலாம். இதன் வழித்தோன்றலாகிய விம் 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை ஆக்கிய நெதர்லாந்து நாட்டவர் பிராம் மூலெனார், பயன்படுத்துவோர் விரும்பினால் உகாண்டா நாட்டு ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவலாம் என்ற வேண்டுகோளோடு அதனை இலவசமாக வழங்கினார். 2023ஆம் ஆண்டு மறையும்வரை அதனைச் செப்பனிட்டு வந்தார்.

மற்றொன்று ஈமாக்ஸ். இது 1976ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் முதலியோரால் உருவானது. இன்று வழங்கும் குனூ ஈமாக்ஸ் 1985ஆம் ஆண்டு வெளிவந்தது. இதில் எந்த விசைக்கும் வேறு பொருள் தரலாம். இல்லாத பணியை லிஸ்ப் என்னும் மொழியில் எழுதிச் சேர்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003ஆம் ஆண்டு தம் குறிப்புகளுக்காக எழுதிச் சேர்த்த ‘ஆர்க்’ முறை இதற்கு எடுத்துக்காட்டு. நாட்குறிப்பு, செய்யவேண்டிய பணிகள், கூட்ட நாள்கள், நூற்குறிப்புகள் அனைத்தையும் ஒரே வெற்றுரைக் கோப்பில் வைத்து ஆள அது வழிசெய்தது. ஈமாக்ஸுடன் வரும் வாழ்த்துக் கோப்பில் உலக மொழிகளின் முகமன் சொற்கள் வரிசையாக உள்ளன. அவற்றுள் தமிழின் ‘வணக்க’மும் உண்டு.

நிரல் எழுதுதல் கவிஞர்க்கு ஆகுமா என ஐயுறுவோர்க்கு ஸ்டால்மன் 2002ஆம் ஆண்டு உரை ஒன்றில் கூறிய செய்தி விடையாகும். பெர்னார்டு கிரீன்பெர்க் என்பார் மல்டிக்ஸ் பொறிகளுக்கென ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் ஆக்கினார். அவர் பணிபுரிந்த இடத்தின் செயலாளர்கள் அதனைக் கற்றனர். தங்களால் நிரல் எழுத இயலாது என்றே அவர்கள் நம்பியிருந்தனர். அவர்களுக்குத் தரப்பட்ட கையேடோ, அதில் உள்ள செயலுக்கு ‘நிரல் எழுதுதல்’ என்று பெயர் என்பதைக் கூறவில்லை. அவர்கள் அச்சமின்றிப் படித்தனர். தம் பணிக்கு வேண்டியவற்றைத் தாமே எழுதிக்கொண்டனர். அவர்களைத் தடுத்து நின்றது அந்தப் பெயரைப் பற்றிய அச்சமேயன்றி வேறில்லை.

அடியும் வரியும்

1969ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பு, சிறு கருவிகள் பலவற்றை வெற்றுரை வழியே இணைக்கும் கொள்கை உடையது. அக்கருவிகள் பெரும்பாலும் வரியையே அலகாகக் கொள்கின்றன. உரைநடைக்கு வரி என்பது தாளின் அகலத்தால் நேர்வது. கவிதைக்கோ அடியே உயிர். ஆகவே நிரலாளர்க்கெனச் செய்த கருவிகள் கவிதைக்கு இயல்பாகவே பொருந்துகின்றன.

கிரெப் என்னும் கருவி ஒரு சொல் பயின்றுவரும் வரிகளையெல்லாம் எல்லாக் கோப்புகளிலிருந்தும் எடுத்துக்காட்டும். ‘நிலவு’ தம் கவிதைகளில் எத்தனை முறை வந்துள்ளது எனத் தேடும் கவிஞர் தம் பழக்கச் சொல்லைத் தாமே கண்டு நாணவும் கூடும். டிஃப் என்னும் கருவி இரு வரைவுகளை ஒப்பிட்டு மாறிய அடிகளை மட்டும் காட்டும். பதிப்பாசிரியர் பாடபேதம் கண்ட பணி அது. 1977ஆம் ஆண்டு ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் ஆக்கி, அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆக் என வழங்கும் கருவி ஒவ்வொரு வரியையும் இடைவெளி கொண்டு பகுத்து எண்ணும். சீர்பிரித்து எழுதிய வெண்பாவில் நான்கு சீர் அமையாத அடிகளைக் காட்டுமாறு ஒரே வரியில் அதற்குக் கட்டளையிடலாம். முச்சீராய் நிற்கும் ஈற்றடியை அது காட்டுவது இயல்பு. வேறோர் அடியைக் காட்டினால் கவிஞர் மீண்டும் நோக்கவேண்டும். தளை தட்டுகிறதா என்பதையோ, தட்டாத வெண்பா கவிதையாயிற்றா என்பதையோ அக்கருவி அறியாது.

தமிழுக்குரிய இடர்கள்

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று. யூனிகோடிலோ அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். ஆகவே எழுத்தெண்ணும் கருவி தரும் எண்ணிக்கையை யாப்புக்கு அப்படியே கொள்ளலாகாது. ‘கொ’ என்னும் எழுத்தை ஒகரக்குறி ஒன்றாகவும் சேமிக்கலாம்; ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் கருவிக்கு வெவ்வேறு. காலுக்குப் பதில் ரகரத்தை அடிப்போரும் ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடிப்போரும் தம் கவிதையைத் தாமே தேடிக் காணாமற் போகின்றனர். பாட்டு முதற்குறிப்பு அகராதி செய்ய முற்படுவோர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. யூனிகோடு எண்வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் வருகின்றன. தமிழ் நெடுங்கணக்கு வேண்டுமெனில் அவ்வொழுங்கைக் கருவிக்குத் தனியே அறிவிக்க வேண்டும். சில முனையத் திரைகளில் உயிர்க்குறிகள் இடம்பெயர்ந்து தோன்றுவதும் உண்டு. கற்கும் தொடக்க நாள்களில் கைக்குத் தடுமாற்றமும் நேரும். அச்சுக்குரிய பக்க அமைப்பு இவற்றால் நேரே அமைவதன்று. அதற்கு வேறு மென்பொருள் வேண்டும். மூலம் வெற்றுரையாக இருப்பின் அதனை எந்த அச்சு மென்பொருளுக்கும் பலமுறை அனுப்பலாம்.

வட்டம் செய்யத்தக்கது

பத்தாண்டு நிறைந்த வட்டம் ஒன்றின் செல்வம் அதன் கவிதைகளே. ஒரு கவிதைக்கு 1,000 குறிகள் எனக் கொண்டால் அது 3,000 பைட்டுகள். ஆயிரம் கவிதைகள் ஏறத்தாழ 3 மெகாபைட்டுகள். 1990களின் ஃபிளாப்பித் தட்டுகள் மூன்றில் அடங்கும் அளவு அது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒளிப்படம் அதற்கு நிகராகிறது. ஒவ்வொரு கவிதையும் ஒரு யூடிஎஃப்-8 கோப்பாகவும், ஒவ்வோர் அடியும் ஒரு வரியாகவும், கவிஞர் பெயரும் எழுதிய நாளும் தலைப்பகுதியிலும் அமைந்தால் போதும். அத்தொகுப்பின் படிகளை உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் வைத்திருக்கலாம். பழைய எழுத்துருக்களில் தேங்கிய கவிதைகளை, அவற்றை எழுதியோர் உடனிருந்து சரிபார்க்கும் காலத்திலேயே மாற்றிவிடுதல் நன்று. ஏடு தேடி ஊர் ஊராய் அலையும் நிலை இன்னொரு தலைமுறைக்கு நேராதிருக்க இன்று செய்யத்தக்கது இதுவே.