நிற்க உதவும் சட்டம்

ஆசிரியப் பணியில் இருந்த 36 ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்திருக்கிறேன். வீட்டுக்கணக்குச் செய்யாதவன் நின்றான். வாய்பாட்டில் தடுமாறியவன் நின்றான். அடுத்தவனைக் கிள்ளியவனும் நின்றான். விசாரணையில் நேர்ந்த பிழையால் சில வேளைகளில் கிள்ளப்பட்டவனும் நின்றான். நிற்பது ஒரு தண்டனை என்பதே என் மனத்தில் ஊறிப்போயிருந்தது. ஒரு குழந்தையை ஐந்து நிமிடம் நிற்க வைப்பதற்கு ஒரு வீடே சேர்ந்து முயல வேண்டியிருக்கும் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன். அந்தக் குழந்தை என் மகள் வயிற்றுப் பேத்தி. வயது ஏழு.

அவளுக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். பேச்சு மிகத் தெளிவு. கதை சொன்னால் முந்தின நாள் நான் விட்ட இடத்தை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். கால்கள் மட்டும் சொன்ன சொல்லைக் கேட்பதில்லை. தூக்கி நிறுத்தினால் தசைகள் விறைத்து, இரு கால்களும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். இத்தகைய குழந்தைகள் நிற்பதற்குத் துணையாகும் ஒரு சட்டத்தைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன். சட்டம் என்றதும் நீதிமன்றத்தை நினைக்க வேண்டாம். இது மரத்தாலோ இரும்பாலோ ஆன சட்டம். கடைக்காரர்கள் ஸ்டாண்டிங் ஃபிரேம் என்பார்கள்.

நிற்க இயலாத குழந்தையை வருந்தி ஏன் நிறுத்த வேண்டும் என்று எங்கள் தெருவில் பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டில் உள்ள கிண்ணம் ஆழமற்றது. குழந்தை எழுந்து நின்று, தன் பாரத்தைத் தன் கால்களிலே தாங்கி நடமாடும்போதுதான் தொடையெலும்பின் தலை அக்கிண்ணத்தில் நன்கு அமர்கிறது. நில்லாத குழந்தைக்கு இது நிகழ்வதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு சிறிது சிறிதாக விலகிப்போகிறது. பாரம் தாங்காத எலும்பு உரமும் இழக்கிறது. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, வாரத்தில் 5 நாள், நாளொன்றுக்கு 60 முதல் 90 நிமிடம் துணையுடன் நிற்பது எலும்பின் அடர்த்திக்கு நல்லது என்றும், மூட்டுகள் இறுகாதிருக்க 45 முதல் 60 நிமிடம் வேண்டும் என்றும் கூறுகிறது. ஆயினும் மிகையாக நம்பிவிடலாகாது. 2004இல் பிரிட்டனில் 26 குழந்தைகளிடம் 9 மாத காலம் நடத்திய சோதனையில், நிற்கும் நேரம் மிகுந்தவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. கால் எலும்பில் அத்தகைய பயன் காணப்படவில்லை. மேலும், இது நடை பழக்கும் கருவி அன்று. 'இதில் நிறுத்தினால் எப்போது நடப்பாள்?' என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் விடை சொல்வதில்லை.

எங்கள் வட்டார வள மையத்திலிருந்து வரும் இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண். என்னிடம் படித்த மாணவிகளின் வயதுதான் இருக்கும். சட்டம் வேண்டும் என்று முடிவு செய்தவர் அவரே. அதற்குமுன் எலும்பு மருத்துவரிடம் காட்டி, இடுப்பு மூட்டைப் படமெடுத்துப் பார்க்கச் சொன்னார். மூட்டு விலகியிருந்தாலும், எலும்பு மிக நலிந்திருந்தாலும், அண்மையில் அறுவை நடந்திருந்தாலும், முழங்கால் நீட்ட முடியாதபடி இறுகியிருந்தாலும், இதயத்திலோ மூச்சிலோ குறை இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பயன்பட்டதே என்று இரவல் வாங்கிவந்து நிறுத்துவது எல்லாவற்றினும் தீது. குப்புறச் சாய்ந்து நிற்பது, மல்லாந்து படுக்கவைத்துச் சிறுகச் சிறுக நிமிர்த்துவது, நேரே நிற்பது என்று இதில் வகைகள் உண்டு. கழுத்து நிற்காத குழந்தைக்கு மல்லாந்த வகை பெரிதும் ஏற்றது. என் பேத்திக்குத் தலை நன்கு நிற்பதால் நேரே நிற்கும் வகையைத் தேர்ந்தார்.

எங்கள் ஊர்த் தச்சரிடம் சென்று, 'நிற்பதற்கு ஒரு சட்டம் வேண்டும்' என்றேன். 'எந்த வாசலுக்கு ஐயா நிலை வைக்கிறீர்கள்?' என்று கேட்டார் அவர். விளங்கிக்கொண்ட பின் ஒரு காசும் கூலி பேசாமல் வேலையைத் தொடங்கினார். ஆனால் ஒரு பிழை என்னுடையது. பேத்தியை வெறுங்காலோடு படுக்க வைத்து அளவெடுத்துக் கொடுத்தேன். அவளோ சட்டத்தில் நிற்கும்போது கணுக்கால் தாங்கியும் காலணியும் அணிய வேண்டியவள். அளவுகள் ஒரு விரற்கடை தவறின. அளப்பதானால் நிற்கும்போது எதை அணிவாளோ அதை அணிவித்தே அளக்க வேண்டும்: குதிகாலிலிருந்து முழங்கால் வரை, பிட்டம் வரை, அக்குள் வரை, மடக்கிய முழங்கை வரை.

ஒவ்வோர் உறுப்பாகச் சொல்கிறேன். வீட்டில் இச்சட்டம் வைத்திருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாதம். இரு பாதங்களும் பலகையில் முழுமையாகப் படிய வேண்டும். குதிகால் தூக்கி நின்றால் பாரம் எலும்பில் இறங்காது; அந்த நிற்றலால் பயனில்லை. பாதங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதை இயன்முறை மருத்துவரே குறிக்க வேண்டும். நாங்கள் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து வைத்தோம். பின்னர் அது அழிகிறது என்று பேரன் சாயத்தால் எழுதிவிட்டான். அடுத்து முழங்கால் மெத்தை. இது குழிவாக இருத்தல் நலம். முட்டிச்சில்லு அந்தக் குழியில் தங்கி, பாரத்தைச் சில்லுக்குச் சற்றுக் கீழே தாங்க வேண்டும். சில்லின்மேல் நேரே அழுத்தினால் குழந்தைக்கு வலிக்கும். வலியென்று சொல்லத் தெரியாத குழந்தையானால் அழும், நாமும் பிடிவாதம் என்று எண்ணுவோம்.

இடுப்புப் பட்டையிலேதான் பலரும் தவறுகிறார்கள். இடுப்பு என்றதும் நமக்கு அரைஞாண் கட்டும் இடம் நினைவுக்கு வருகிறது. பட்டையை அங்கே கட்டினால் வயிறு முன்னே தள்ளி, முதுகு வில்லாக வளைந்துவிடும். பட்டை அதனினும் கீழே, பிட்டத்தின் மேடான பகுதியில் வர வேண்டும். அங்கிருந்து மெல்ல முன்னே தாங்கினால் உடல் தானாக நிமிர்வதைக் காணலாம். மார்புப் பட்டை அக்குளுக்குக் கீழே. இரண்டு விரல் நுழையும் தளர்ச்சி வேண்டும். குழந்தை தளர்ந்து சரிந்தால் இப்பட்டை கழுத்துக்கு ஏறிவிடும் என்பதை மறக்கலாகாது. மேசைப் பலகை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். உயர்ந்தால் தோள் தூக்கும். தாழ்ந்தால் குழந்தை அதன்மேல் கவிழ்ந்து தொங்கும்.

கட்டும் வரிசையும் கீழிருந்து மேலாகவே செல்லும்: பாதம், முழங்கால், இடுப்பு, மார்பு. அவிழ்ப்பது இதற்கு எதிர்வரிசை. இடுப்புப் பட்டையை அவிழ்க்கும்போது குழந்தையை ஒருவர் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். ஆகவே தொடக்கத்தில் இருவர் இல்லாமல் இவ்வேலையைச் செய்யாதிருப்பதே நன்று. சட்டம் நிற்கும் தரை சமமாக இருத்தல் வேண்டும். சக்கரம் உள்ள சட்டமானால் நான்கு தடைகளையும் பூட்டி, ஒருமுறை தள்ளிப்பார்த்த பின்னரே குழந்தையை ஏற்ற வேண்டும். குழந்தை உள்ளே இருக்க, வாசற்படியைத் தாண்டி உருட்டிச் செல்வது கூடவே கூடாது. தச்சர் செய்த எங்கள் சட்டத்துக்குச் சக்கரம் இல்லை. அடி அகன்று கனமாக இருக்கும். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

இவ்வளவும் அந்த மருத்துவப் பெண் சொல்லித் தந்தவை. முதல் நாள் அவரே உடனிருந்து 5 நிமிடம் நிறுத்தினார். 'சில நாள் இந்த அளவே போதும், சார். பிறகு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டலாம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள்' என்று சொல்லிச் சென்றார்.

மறுநாள் அவர் இல்லை. 5 நிமிடத்தில் என்ன பயிற்சி ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பாடவேளையே 40 நிமிடம் அன்றோ? அரை மணி என்று முடிவு செய்து, கடிகாரத்தை மேசைமேல் வைத்தேன். மற்றுமொரு காரியம் செய்தேன். தச்சர் பொருத்தியிருந்த வெல்க்ரோ பட்டைகள் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, அவற்றின்மேல் பருத்தி நாடாவால் இறுக முடிச்சும் போட்டேன். பின்பு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளை விரித்தேன்.

முதலில் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு பேச்சு நின்றது. வகுப்பறையில் பழகிய எனக்கு அமைதி என்பது நல்ல அறிகுறி. இருமுறை கொட்டாவி விட்டாள். அதையும் கேட்டேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. 12ஆம் நிமிடத்தில் பலகையில் ஏதோ மோதும் ஓசை. அவள் தலை கவிழ்ந்து கிடந்தது. உதடு வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது. அவிழ்க்கப் போனேன், நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. அடுக்களையிலிருந்து ஓடிவந்த என் மகள் கத்தரிக்கோலால் நாடாக்களை வெட்டி, அவளைத் தூக்கிப் பாயில் கிடத்தி, கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தாள். ஓரிரு நிமிடத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. கண் திறந்தாள். என் மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. 'நீங்கள் கொஞ்சம் வெளியே போய் உட்காருங்கள், அப்பா' என்றாள். திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது யாதெனப் பின்னர் மருத்துவப் பெண் விளக்கினார். நாம் நிற்கும்போது கால் தசைகள் ஓயாமல் அசைந்து இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. கட்டுண்டு அசையாமல் நிற்கும் குழந்தைக்கு அத்துணை இல்லை. இரத்தம் கால்களிலே தேங்கி, மூளைக்குச் செல்வது குறைகிறது. உடல் இதற்குப் பழக நாள் வேண்டும். வெளுத்தல், வியர்த்தல், கொட்டாவி, திடீர் மௌனம், கண் சொருகல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே இறக்கிக் கிடத்த வேண்டும். உடனே தெளியாவிட்டாலும், மூச்சில் மாற்றம் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லாமல் மறுபடி நிறுத்தலாகாது. பட்டைகள் ஒரே இழுப்பில் பிரிய வேண்டும். முடிச்சு எந்நாளும் ஆகாது. வெல்க்ரோவில் நூலும் மயிரும் அடைந்தால் பிடிப்புக் குறையும். அதைச் சுத்தம் செய்ய வேண்டுமே அல்லாது, மேலே கயிறு சுற்றுவது பரிகாரம் அன்று. குழந்தை நிற்கும் வரையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வாசலில் யாரோ அழைத்தாலும் போகக்கூடாது.

அதன்பின் மூன்று வாரம் அவள் சட்டத்தின் அருகே வரவே மறுத்தாள். கண்டதும் கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளும். இதற்கிடையில் அவள் அண்ணன், பதினொரு வயதுப் பையன், விளையாட்டாக, 'தாத்தா பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவர்களைத்தான் நிற்க வைப்பாராம். நீ என்ன தப்புச் செய்தாய்?' என்று கேட்டுவிட்டான். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு விடை வரவில்லை.

வழி காட்டியவள் என் மகளே. சட்டத்தைக் கூடத்தின் மூலையிலிருந்து எடுத்துத் தெருப்பக்கத்துச் சன்னலருகே போட்டாள். தரையில் அமர்ந்திருப்பவளுக்கு அச்சன்னல் வழியே வானம் மட்டுமே தெரியும். நின்றால் தெருவே தெரியும். நானும் சட்டத்தருகே தரையில் அமர்ந்தேன், செய்தித்தாள் இல்லாமல். பொம்மைகள் சிலவற்றைப் பலகையில் வைத்து, வருகைப் பதிவேடு ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். அவள் ஆசிரியை, நாங்கள் மாணவர்கள். பெயர் கூப்பிட்டால் நான் எழுந்து, 'உள்ளேன் அம்மா' என்று சொல்ல வேண்டும். சில நாள் பொம்மைகளுக்கு வருகை போட்டு எனக்குப் போடமாட்டாள். காரணம் கேட்டால், 'நீ நேற்றுப் பேசினாய்' என்பாள்.

மூன்று நிமிடத்தில் தொடங்கி, நான்கு மாதத்தில் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று வந்திருக்கிறது. சாப்பிட்டவுடன் நிறுத்துவதில்லை. இறக்கியவுடன் காலணியைக் கழற்றி, முழங்கால், குதிகால், இடுப்பு ஆகிய இடங்களில் தோலைப் பார்க்கிறோம். சிவந்திருந்தால், அச்சிவப்பு அரை மணிக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால் மெத்தையோ பட்டையோ சரியில்லை என்று பொருள். சரிசெய்யும் வரை நிறுத்துவதில்லை. பாவாடை மடிப்பு, காலுறைச் சுருக்கம், சட்டைப் பொத்தான் இவையும் பட்டைக்கடியில் சிக்கிப் புண்ணாக்கும். சளியோ காய்ச்சலோ கண்ட நாளில் அவளுக்கு விடுமுறை. பதிவேட்டில் அதை அவளே குறித்துக்கொள்கிறாள்.

தெருவில் போகிறவர்கள் இப்போது சன்னலருகே நின்று அவளோடு நேரே பேசுகிறார்கள். முன்பெல்லாம் அவள் தலைக்கு மேலே எங்களிடம், 'குழந்தை சாப்பிட்டதா?' என்று கேட்பார்கள். இதை எந்த ஆய்வுத் தொகுப்பிலும் நான் படித்ததில்லை.

செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. அடையாள அட்டை பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவிக் கருவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி செல்லும் வயதுக் குழந்தையானால் வட்டார வள மையத்தில் கேளுங்கள். கருவி எங்கிருந்து வந்தாலும், முதல் முறை பொருத்தும்போது இயன்முறை மருத்துவர் உடனிருக்கட்டும்.

சென்ற வாரம் பாதப் பலகையில் அவள் முழங்கால் மெத்தைக்கு மேலே ஏறி நிற்பதைக் கண்டோம். வளர்ந்திருக்கிறாள். பலகையை ஒரு துளை கீழே இறக்கி ஆணி மாற்ற வேண்டும். மேசைப் பலகையும் உயர வேண்டும். தச்சர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலணியோடு அளவெடுத்து வைத்துவிட்டேன்.