முன்பணமும் நம் சொந்த வீடும்



பால்மரம் சீவும் காலம் வரையில்தான் தோட்டத்து வீடு நமக்கு. வேலை ஓய்ந்தால் வீட்டையும் காலி செய்யவேண்டும். ஆகவேதான் சொந்த வீடு வேண்டும் என்கிறோம்.

நம்மை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது எது? முன்பணம்! வங்கி பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூறு கடன் தரும். மீதிப் பத்து நம் பொறுப்பு. 200,000 வெள்ளி வீட்டுக்கு முன்பணம் 20,000 வெள்ளி. 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி. ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளத்தை உண்ணாமல், உடுத்தாமல் சேர்த்தாலன்றி அத்தொகை கைக்கு வராது!

அரசாங்கம் வழி செய்யாமலில்லை. 2011-இல் வந்த முதல் வீட்டுத் திட்டம் முழு விலைக்கும் கடன் பெற வழி திறந்தது. நிலையான வருமானமும் சம்பளச் சீட்டும் இல்லாதவருக்கு அரசாங்கக் கடன் உத்தரவாதம் உண்டு. ஊழியர் சேமநிதிச் சந்தாவில் 15 விழுக்காடு 2024 மே முதல் 'செஜாத்ரா' கணக்கில் சேருகிறது. வீடு வாங்க அதிலிருந்து பணம் எடுக்கலாம்.

ஆனால் தோழர்களே, முன்பணம் குறைந்தால் கடன் கூடும். கடன் கூடினால் தவணையும் கூடும். மழையால் வெட்டு நிற்கும், தவணை நிற்காது! சேமநிதியோ நம் முதுமைக்கான சோறு.

எனவே கையெழுத்திடுமுன் தொழிற்சங்கக் கிளையில் கணக்குப் பார்ப்போம். கடன் வசதி மட்டும் போதாது. நம் சம்பளத்துக்கு எட்டும் விலையில் வீடு வேண்டும் என்று ஒன்றுபட்டுக் கேட்போம்.