டிப்ஸ்டிக் வெளியே குதிச்சா: கம்மி காசில் ஒரு கிராங்க்கேஸ் வேக்கம்

[ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.]

போன வாரம் டர்போ பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "அண்ணா, இன்ஜின்ல வேக்கம் பம்ப் போட்டா பவர் ஏறுமாமே, அதைக் கம்மி காசுல நாமளே செய்ய முடியுமா?" முடியும். நான் ஒஹையோவில் இருந்தப்போ ஒரு நண்பரோட டிராக் ரேஸ் காருக்கு அதைச் செய்தோம். முதல் தடவை தப்பாச் செய்தோம். அந்தக் கதையை முழுசாச் சொல்றேன், ஏன்னா அந்தத் தப்புல பம்புக்கு ஆன செலவை விட பல மடங்கு செலவாச்சு.

முதல்ல, கிராங்க்கேஸுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். பிஸ்டனுக்கு மேல பெட்ரோல் எரியுது. அந்த அழுத்தத்தை மேலேயே பிடிச்சு வைக்கிறது பிஸ்டன் ரிங். ஆனா எந்த ரிங்கும் நூத்துக்கு நூறு அடைக்காது. கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டி கீழே இறங்கும். அதுக்குப் பேர்தான் புளோ-பை. புது இன்ஜின்லயும் இது உண்டு, பழைய இன்ஜின்ல அதிகமா இருக்கும். கீழே இறங்கின வாயு எங்கேயாவது போயாகணும். வழி இல்லைன்னா உள்ளே அழுத்தம் ஏறி, வால்வு கவர் கேஸ்கெட் வழியா, பின்பக்க மெயின் சீல் வழியா ஆயிலைத் தள்ளும். ரொம்ப ஏறினா டிப்ஸ்டிக்கையே குழாயிலிருந்து வெளியே துப்பிடும்.

ஒரு காலத்துல கார் கம்பெனிகள் இதுக்கு இன்ஜினுக்கு அடியில ஒரு குழாயைத் தொங்க விட்டாங்க. கார் ஓடும்போது காத்து அந்தக் குழாய் வாயைக் கடந்து போற வேகத்துல புகை இழுபட்டு ரோட்டுல விழும். 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஆரம்பிச்சு இது மாறிச்சு. பிசிவி வால்வு வந்தது. இன்டேக் மேனிஃபோல்டுல இருக்கிற வேக்கமே கிராங்க்கேஸ் புகையை இழுத்து, திரும்பவும் எரிக்க அனுப்பும். இன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல நிக்கிற காரிலயும் இதே தத்துவம்தான்.

ரேஸ்ல இதுக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சதும் மேனிஃபோல்டு வேக்கம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துடும். புளோ-பை உச்சத்துல இருக்கிறதும் அதே நேரத்துலதான். அதாவது, வேலை அதிகமா இருக்கிற நேரத்துல வேலைக்காரர் லீவு. அதனாலதான் ரேஸ் ஆளுங்க பெல்ட்ல ஓடுற தனி வேக்கம் பம்ப் போடறாங்க.

உள்ளே இருக்கிற காத்தை இழுத்துட்டா என்ன லாபம்? ரிங்குக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற அழுத்த வித்தியாசம் கூடுது, ரிங் நல்லா உட்காருது. கிராங்க் சுத்தற இடத்துல காத்து மெலிசாகுது, அதனால தடை குறையுது. எரியற அறைக்குள்ள ஆயில் ஏறுறது குறையுது, அதனால நாக்கிங் அபாயமும் குறையுது. கணக்காப் பாத்தா, 10 இன்ச் பாதரச வேக்கம்னா ஏறக்குறைய 4.9 பிஎஸ்ஐ. 4 இன்ச் போர் இருக்கிற ஒரு பிஸ்டனோட பரப்பு 12.6 சதுர இன்ச். பெருக்கிப் பாருங்க, ஒவ்வொரு பிஸ்டனுக்கும் அடியில 60 பவுண்டுக்கு மேல வித்தியாசம்.

ஆனா பம்பை மாட்டின உடனே குதிரைத்திறன் கொட்டிடாது. இதை யாரும் சத்தமாச் சொல்ல மாட்டாங்க. பெரிய லாபம் எங்கே வருதுன்னா, வேக்கம் இருக்கிற தைரியத்துல மெலிசான, இறுக்கம் குறைஞ்ச ஆயில் ரிங் போட்டு இன்ஜினைக் கட்டறாங்க பாருங்க, அங்கேதான். சாதாரண ரிங் இருக்கிற இன்ஜின்ல பம்ப் மட்டும் போட்டா கிடைக்கிறது பெரும்பாலும் சுத்தமான, ஆயில் கசியாத இன்ஜின். அதுவே நல்ல விஷயம்தான், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

சரி, நண்பர் கதைக்கு வரேன். ஷெவர்லே 350 ஸ்மால் பிளாக் வி8. கையில காசு கம்மி. டிப்ஸ்டிக் துப்பிக்கிட்டே இருந்தது, அதை ஒரு கம்பியால கட்டி வச்சிருந்தார். பின்பக்க மெயின் சீல்ல சொட்டு. டிராக்ல ஆயில் சிந்தினா அன்னைக்கு எல்லாரோட ரேஸும் நின்னுடும், அதனால சோதனை பண்றவங்க காரைக் குனிஞ்சு பாத்து, "இதைச் சரி பண்ணிட்டு வா"ன்னு ஒரு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க.

ரேஸ் வேக்கம் பம்ப் கிட் புதுசா வாங்கினா பல நூறு டாலர். அதனால மத்த வழிகளைப் பாத்தோம். எலெக்ட்ரிக் பிரேக் பூஸ்டர் பம்ப் சின்னது. பூஸ்டரைக் காலி பண்ணிட்டு ஓய்வெடுக்கவே செய்த சாமான், முழு மிதியில ஓடுற வி8-இன் புளோ-பையோட அதால போட்டி போட முடியாது. இன்னொரு பழைய வித்தை, எக்ஸாஸ்ட் ஹெடர்ல சாய்வா ஒரு குழாயை வெல்டு பண்ணி, ஒருவழி வால்வு வச்சு, எக்ஸாஸ்ட் ஓட்டத்தையே இழுக்க விடறது. சைலன்சர் இல்லாத காருக்கு ஓரளவு வேலை செய்யும். சைலன்சர் இருந்தா எதிர் அழுத்தம் வந்து காரியம் கெட்டுடும். அந்த ஒருவழி வால்வும் சூட்டுல அடிக்கடி செத்துப் போகும்.

கடைசியா நின்னது ஸ்மாக் பம்ப். 1970கள், 80கள்ல வந்த அமெரிக்கக் கார்கள்ல புகையைக் குறைக்க, எக்ஸாஸ்டுக்குள்ள சுத்தமான காத்தை ஊத பெல்ட்ல ஓடுற ஒரு பம்ப் இருக்கும். உள்ளே இறக்கை மாதிரி தகடுகள் சுத்தும். ஒரு பக்கம் ஊதுதுன்னா இன்னொரு பக்கம் இழுக்கத்தானே செய்யணும்? அந்த இழுக்கிற பக்கத்தை வால்வு கவரோட இணைச்சுடறாங்க. அமெரிக்க ஹாட் ராட் ஆளுங்களோட ரொம்பப் பழைய சிக்கன வித்தை இது. அங்கே ஜங்க்யார்டுன்னு சொல்ற இடம் நம்ம புதுப்பேட்டை மாதிரின்னு வச்சுக்கோங்க, ஸ்பேனரை எடுத்துட்டுப் போய் நாமளே கழட்டிக்கலாம். ஒண்ணு கவனிக்கணும்: சில பம்புகள் புல்லிக்குப் பின்னால இருக்கிற விசிறி வழியாத்தான் காத்தை எடுக்கும், ஹோஸ் மாட்ட இடம் இருக்காது. உள்ளே போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய்னு தனித்தனியா இருக்கிறதா பாத்து எடுங்க.

மாட்டினோம். ஐடிலிங்ல கேஜ் 5 இன்ச் காட்டிச்சு. மெயின் சீல் சொட்டு நின்னு போச்சு. அன்னைக்கு ராத்திரி பீட்சா வாங்கிக் கொண்டாடினோம், ஒளிக்க என்ன இருக்கு.

ஆனா டிராக்ல ஆர்பிஎம் ஏற ஏற முள்ளு இறங்கிச்சு. 6,000 தாண்டினா பூஜ்யம். நண்பர் சொன்னார், "பம்ப் பத்தலை, இன்னும் வேகமாச் சுத்த விடலாம்." நானும் தலையாட்டினேன். கிராங்க்ல 6 இன்ச் புல்லி, பம்புல 4 இன்ச். அப்படின்னா இன்ஜின் 6,500-ல பம்ப் 9,750. சாதாரண ரோட்டு காருக்குச் செய்த பம்ப் அது! மூணாவது ஓட்டத்துல உள்ளே தகடு உடைஞ்சு பம்ப் இறுகிப்போச்சு, பெல்ட் பிச்சுக்கிட்டுப் போச்சு. பழைய பிரீத்தரை எல்லாம் அடைச்சு வச்சிருந்தோமே, அதனால அழுத்தம் போக வழியில்லாம வால்வு கவர் கேஸ்கெட்டைத் தள்ளி ஆயில் நேரா சூடான ஹெடர் மேல. பாதி டிராக்ல ஒரே வெள்ளைப் புகை. தீ பிடிக்கலை, அவ்வளவுதான் எங்க அதிர்ஷ்டம். ஆளுங்க பொடி தூவித் துடைச்சு முடிக்கிற வரைக்கும் எல்லாரும் எங்களையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

அதுக்கு அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய லீக்-டவுன் டெஸ்ட்டைச் செய்தோம். பிஸ்டனை மேலே நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா காத்தை ஏத்தி, எவ்வளவு கசியுதுன்னு பாக்கிறது. காது வச்சுக் கேளுங்க. சைலன்சர் பக்கம் உஸ்ஸுன்னா எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர்ல கேட்டா இன்டேக் வால்வு. ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட். ஆயில் ஊத்தற வாயில கேட்டா ரிங். ஏழு சிலிண்டர் 10 சதவீதத்துக்குள்ள இருந்தது. ஒண்ணு மட்டும் 34. ஆயில் வாயில விசில் மாதிரி சத்தம்.

பிரிச்சுப் பாத்தா மேல் ரிங் ரெண்டா உடைஞ்சிருந்தது. ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு இடைவெளி விடணும். பொதுவான கணக்கு, போரை 0.0045 ஆல் பெருக்கணும். 4 இன்ச் போருக்கு 0.018 இன்ச். அந்த சிலிண்டர்ல அதுல பாதிகூட விடலை. சூடாகி விரிஞ்சப்போ முனைகள் முட்டிக்கிட்டு உடைஞ்சிருக்கு. உடைஞ்ச துண்டு சிலிண்டர் சுவரைக் கீறி வச்சிருந்தது. டிப்ஸ்டிக் துப்ப ஆரம்பிச்ச அன்னைக்கே பிரிச்சிருந்தா அநேகமா ஹோன் பண்ணி ஒரு செட் ரிங் போட்டதோட முடிஞ்சிருக்கும். நாங்க பம்ப் போட்டு அந்த அறிகுறியை மறைச்சு ஒரு மாசம் ஓட்டினதால போர் பண்ணி, எட்டு பிஸ்டனும் பெரிய சைஸ் வாங்க வேண்டியதாச்சு. ஜங்க்யார்ட் பம்ப் விலை அதுக்கு முன்னால டீ செலவு.

இப்போ ரெண்டாவது தடவை என்ன செய்தோம்னு சொல்றேன், நீங்க செய்யறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க.

பம்ப் வாங்கறதுக்கு முன்னால அளந்தோம். டிப்ஸ்டிக் குழாயில ஒரு மேப் சென்சார் மாட்டி, முழு மிதியில என்ன வருதுன்னு பதிவு பண்ணோம். வளிமண்டலம் சுமார் 101 கிலோபாஸ்கல், அதுக்கு மேல போனா உள்ளே அழுத்தம் சேருதுன்னு அர்த்தம். அதனால 1 பார் சென்சார் வேண்டாம், அது உச்சத்துல முட்டிக்கும், 2 பார் எடுங்க.

புல்லியைத் திருப்பிப் போட்டோம், கிராங்க்ல 4, பம்புல 6. 6,500-ல பம்ப் 4,300 சொச்சம்தான். அதே மாதிரி இன்னொரு பழைய பம்ப், இந்தத் தடவை ஓடிச்சு.

பம்புக்கு முன்னால ஒரு மூடின டப்பா, உள்ளே பாத்திரம் தேய்க்கிற கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார். ஆயில் துளி அதுல ஒட்டி அடியில நிக்கும். திரவம் பம்புக்குள்ள போனா தகடு உடையும், இதுல சிக்கனம் பாக்காதீங்க. பொடிப்பொடியா உதிர்ற மெல்லிய இரும்பு நாரை மட்டும் போட்டுடாதீங்க. ஹோஸ் கெட்டியா இருக்கணும், சாதாரண ஹீட்டர் ஹோஸ் சூட்டுல இளகி, வேக்கத்துல சப்பிக்கும். வால்வு கவர்ல எடுக்கிற இடத்துக்கு உள்பக்கம் ஒரு தடுப்புத் தகடு, இல்லைன்னா ராக்கர் தெளிக்கிற ஆயிலையே குடிக்கும். பம்ப் வெளியே விடறது பிரீத்தர் வச்ச இன்னொரு கேட்ச் டேங்குக்குப் போகணும், ஹெடர் பக்கமே போகக் கூடாது.

பிசிவி லைனை அடைக்க மறந்துடாதீங்க. அடைக்கலைன்னா பம்ப் மேனிஃபோல்டுல இருந்தும் காத்தை இழுக்கும். பிரீத்தர், ஃபில்லர் மூடி, டிப்ஸ்டிக் எல்லாத்துக்கும் காத்து புகாத சீல் வேணும். கசிவு கண்டுபிடிக்க இன்ஜினை நிறுத்திட்டு ரொம்பக் குறைஞ்ச காத்து ஏத்தி சோப்புத் தண்ணி தடவினோம். 2 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க, சீல் பிதுங்கிடும்.

இன்னொரு கவர்ல ரிலீஃப் வால்வு. 10 இன்ச்ல திறக்கிற மாதிரி வச்சோம். "அதிகமா இழுத்தா நல்லதுதானே"ன்னு கேப்பீங்க. இல்லை. வேக்கம் கூடக் கூட உள்ளே மிதக்கிற ஆயில் துளி குறையுது. பிஸ்டன் பின் ஆயில் குடிக்கிறதே அந்தத் தெறிப்புலதான். சாதாரண ஆயில் சம்ப் இன்ஜின்ல, பின்னுக்குத் தனியா ஆயில் பீச்சற ஏற்பாடு இல்லைன்னா, 15-ஐ ரேஸ் ஆளுங்க எல்லையாச் சொல்வாங்க. பட்ஜெட் இன்ஜினுக்கு 12-லயே நிறுத்திக்கோங்கன்னு நான் சொல்வேன்.

ரோட்டுல ஓட்டற காருக்கு இதெல்லாம் வேண்டாம். கிராங்க்கேஸ் புகையை வெளியே விடறது அமெரிக்காவுலயும் தப்பு, நம்ம ஊர் பிஎஸ் விதிகள்லயும் தப்பு. பிரேக் பூஸ்டர் வேக்கம் லைன்ல இருந்து இழுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். தம்பி, பிரேக்கை விட்டுடுங்க.

புது இன்ஜின்ல 6,000-க்கு மேலயும் முள்ளு 8 இன்ச்ல நின்னுச்சு. கால் மைல் நேரத்துல பெரிய வித்தியாசம் எதுவும் நாங்க பாக்கலை, உண்மையைச் சொல்லணும். ஆனா அந்த சீசன் முழுக்க காருக்கு அடியில விரிச்ச அட்டை காஞ்சே இருந்தது, சோதனையில ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பலை. டிப்ஸ்டிக்கைக் கட்டின கம்பியை மட்டும் நண்பர் அவிழ்க்க மாட்டேன்னுட்டார்.

அடுத்த வாரம் ரிங் இடைவெளியை ஃபைல் பண்ணி அளக்கிறது எப்படின்னு பாக்கலாம். ஃபீலர் கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.