மெலிவைக் கண்ட இரு நண்பர்கள்

(வானொலி மறையுரை: பாஸ்கா காலம் 6-ஆம் ஞாயிறு, யோவான் 15:9-17)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தம் சீடரை நண்பர்கள் என்று அழைக்கிறார். இனி அவர்கள் பணியாளர்கள் அல்லர் என்கிறார். அதற்கு அவர் தரும் காரணத்தைக் கவனிப்போம். தந்தையிடம் தாம் கேட்ட அனைத்தையும் அவர்களுக்கு அறிவித்துவிட்டார். மறைத்து வைத்தது எதுவுமில்லை. பணியாளருக்கு வேலை தெரிந்தால் போதும். நண்பருக்கு மனம் தெரிய வேண்டும். நம் மனம் தெரிந்தவர் என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு ஒருவராவது இருக்கிறார்?

இது நம் உடல்நலத்தையும் தொடும் கேள்வி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. 724 ஆண்களின் வாழ்வைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 50 வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே 80 வயதில் அதிக நலத்தோடு இருந்தார்கள் என்பது அதன் முக்கியமான முடிவு. இரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைவிட, உறவின் தரமே அவர்களது முதுமையை நன்றாக முன்னறிவித்தது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தவறாமல் பரிசோதிக்கிறோம். உறவுகளை யார் பரிசோதிக்கிறோம்?

ஆனால் உறவு என்று ஒன்று இருந்துவிட்டால் போதுமா? நட்பைப் புகழ்ந்த திருவள்ளுவரே தீ நட்பு, கூடா நட்பு என இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே வைத்தார். விவிலியத்திலும் தாவீதின் வரலாற்றில் இரண்டு நண்பர்களைச் சந்திக்கிறோம்.

முதலாமவர் யோனத்தான். அரசர் சவுலின் மகன், அரியணைக்கு உரியவர். தாவீது உயர உயரத் தம் இடம் பறிபோகும் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் தம் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கச்சையையும் தாவீதுக்குக் கொடுத்தார். சவுல் கொல்லத் தேடியபோது, தாவீது சீபு பாலைநிலத்தில் ஒளிந்திருந்தார். யோனத்தான் அங்கே தேடிச் சென்றார். படை கொண்டு போகவில்லை, பணம் கொண்டு போகவில்லை. கடவுளின் பெயரால் அவருக்குத் திடமூட்டினார். பிறகு வீடு திரும்பினார். அவ்வளவுதான் (1 சாமுவேல் 23). ஆனால் துரத்தப்படும் ஒரு மனிதருக்கு அந்த ஒரு வருகை எவ்வளவு பெரியது!

இரண்டாமவர் யோனதாபு. தாவீதின் மகன் அம்னோனுடைய நண்பர். பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கின்றன. செயல்களோ நேர் எதிர். தாமார்மீது கொண்ட ஆசையால் அம்னோன் நாளுக்கு நாள் மெலிந்தான். அந்த மெலிவை முதலில் கண்டு விசாரித்தவர் யோனதாபுதான். அதுவரை நல்ல நண்பரைப் போலவே நடந்துகொண்டார். ஆனால் அடுத்து அவர் சொன்னது என்ன? நோயாளிபோல் நடித்து அந்தப் பெண்ணை வரவழைக்கும் வழி (2 சாமுவேல் 13). அம்னோன் அவளுக்குக் கொடுமை இழைத்தான். காதல் என்று அவன் எண்ணியிருந்தது உடனே வெறுப்பாக மாறியது. அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடும்படி தன் பணியாளனுக்குக் கட்டளையிட்டான். தாமாரின் வாழ்வு சிதைந்தது; பின்னர் அம்னோனும் கொல்லப்பட்டான்.

யோனத்தானும் கண்டார், யோனதாபும் கண்டார். ஒருவர் நண்பருடைய ஆன்மாவுக்குத் துணை நின்றார். மற்றவர் நண்பருடைய ஆசைக்குத் துணை போனார். நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவர் நம்மை நேசிக்கிறார் என்று எண்ணிவிடுகிறோம். நம்மிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் துணிபவரே பல நேரங்களில் நம்மைக் காப்பாற்றுகிறார்.

அன்பு இளையோரே, காதலையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். உங்கள் அலைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்பது அன்பா? யாரோடு பேசினாய் என்று நாள்தோறும் கணக்குக் கேட்பது அன்பா? தோழிகளையும் நண்பர்களையும் ஒவ்வொருவராக விலக்கச் சொல்வது அன்பா? உண்மையான அன்பு நம் உலகத்தை விரிவாக்கும். அந்த உறவில் உங்கள் சிரிப்பும் படிப்பும் செபமும் உறக்கமும் குறைந்துகொண்டே வந்தால், அதை ஒருவரிடமாவது சொல்லுங்கள். காதல் முறிந்துபோனாலும் வாழ்வு முறிந்துவிடாது. வலியைத் தனியாகச் சுமக்கவேண்டாம். வீட்டில் பேச முடியாவிட்டால், அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். உதவி கேட்பது நம்பிக்கைக் குறைவு அன்று.

பெற்றோரே, பிள்ளை மெலிவதை முதலில் காண்பவர் யாராக இருக்கவேண்டும்? வீட்டில் திட்டும் அடியும் மட்டுமே கிடைக்குமானால், அவர்கள் யோனதாபைத் தேடிப் போவார்கள்.

மணமானவர்களுக்கும் ஒரு சொல். நம் ஊர்களில் திருமணமானதும் பெண்ணின் தோழமைகள் பெரும்பாலும் பிறந்த வீட்டோடு நின்றுவிடுகின்றன. ஆணுக்கு நண்பர்கள் உண்டு. ஆனால் கடனையும் பயத்தையும் சொல்லி அழ ஆள் இல்லை. பிறகு கணவனோ மனைவியோ எல்லாமுமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்தப் பாரத்தை எந்த மனிதராலும் தாங்க முடியாது. மனைவி தன் பள்ளித் தோழியோடு அரை மணி நேரம் பேசினால் அது குடும்பத்துக்கு நட்டம் அன்று. மலர்ந்த முகத்தோடு அவர் வீட்டு வேலைக்குத் திரும்புவார். அதேவேளையில், கணவனும் மனைவியும் முதலில் நண்பர்களாக இருக்கவேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ், 'அன்பின் மகிழ்வு' என்னும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தூது ஊக்கவுரையில், குடும்பத்துக்குத் தேவையான மூன்று சொற்களை நினைவூட்டினார்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. செலவில்லாத மருந்து இது. ஆனால் நாள்தோறும் உட்கொள்ளவேண்டும்.

நட்பு திருமணமானவர்களுக்கு மட்டும் உரியதன்று. கைம்பெண்களுக்கும், தனித்து வாழும் முதியோருக்கும், துறவியருக்கும், குருக்களாகிய எங்களுக்கும் அது வேண்டும். புனித பசிலியாரும் நசியான்சு புனித கிரகோரியாரும் ஏதென்சில் ஒன்றாகப் படித்த நண்பர்கள்; திருச்சபை அவர்களது திருநாளை ஒரே நாளில், ஜனவரி 2 அன்று கொண்டாடுகிறது. புனிதத்திற்கும் துணை வேண்டியிருக்கிறது.

ஆண்டவரையே பாருங்கள். களைத்தபோது பெத்தானியாவில் மார்த்தா, மரியா, இலாசர் வீட்டுக்குச் சென்றார். கெத்சமனியில் மூன்று நண்பர்களை அழைத்து, தம் துயரத்தை வாய்விட்டுச் சொல்லி, விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் உறங்கிப்போனார்கள். அப்போதும் அவர்களை விட்டுவிடவில்லை. உயிர்த்தெழுந்தபின் அவர்களையே தேடிவந்தார். இறைமகனே நட்பைக் கேட்டார் என்றால், 'எனக்கு யாரும் வேண்டாம்' என்று சொல்ல நாம் யார்?

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். அண்மையில் மெலிந்துபோன ஒரு முகத்தை நினைத்துப் பார்ப்போம். குறுஞ்செய்தியோடு நிறுத்திவிடாமல் நேரில் போவோம்; அறிவுரையைக் குறைத்துச் செவிகொடுப்போம்; புறப்படுமுன் அவரோடு சேர்ந்து ஒரு சிறு செபம் சொல்வோம்.

அன்பின் ஆண்டவரே, எங்களை நண்பர்கள் என்று அழைத்தீர். பிறர் மெலிவதைக் காணும் கண்களையும், அவர்களைத் தேடிச் செல்லும் கால்களையும் எங்களுக்குத் தாரும். தனித்திருப்போர்க்கு உம் துணையைத் தாரும். ஆமென்.