துணிப்பையில் தக்காளி

ஒரு காலத்தில் நம்மவர் வீடு என்றால் அதனைச் சுற்றி ஒரு வளவும் இருந்தது. கிணற்றடியில் வாழை, வேலியோரத்தில் முருங்கை, அடுக்களைக்குப் பின்புறத்தில் கத்தரியும் மிளகாயும் என்று அன்றாடக் கறிக்கு வேண்டியவற்றுட் பல அவ்வளவிலேயே கிடைத்தன. இன்று நிலைமை வேறு. கொழும்பிலே தொடர்மாடி வீடுகளில் வாழ்வோர்க்கு மண் என்று சொல்ல ஒரு சாண் இடமும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பங்கிட்டு வளவுகள் சிறுத்துவிட்டன; எஞ்சிய முற்றத்தையும் பலர் சீமெந்திட்டு மூடிவிட்டனர். இந்நிலையிற் காய்கறி பயிரிட விரும்புவோர் என்ன செய்யலாம்? அதற்கு ஒரு விடையாகத் துணிப்பையிலே தக்காளி வளர்க்கும் முறையைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன்.

நம் நாட்டவர் பலர் இம்முறையைப் பொழுதுபோக்காகவன்றித் தேவை காரணமாகவே நாடினர். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதாயினும், அதற்குள் விளைச்சல் குன்றிவிட்டது. 2022 இல் எரிபொருட் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அரசாங்க ஊழியர் வீட்டிற் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அவ்வாண்டு ஜூன் மாதத்திலே தீர்மானிக்கப்பட்டது. எங்கு பார்த்தாலும் உரப்பைகளிலும் பழைய வாளிகளிலும் செடிகள் தோன்றின.

அந்நாட்களில் நானும் பத்துப் பைகளிலே தக்காளி நட்டேன். அவற்றுள் மூன்றே காய் தந்தன. ஏழு பட்டுப்போயின. பட்டுப்போன ஏழும் எனக்குக் கற்பித்த பாடங்களே காய்த்த மூன்றிலும் பெரிது என்று இன்று கருதுகின்றேன். ஆதலால் அவற்றை முன்வைத்தே இப்பேச்சை அமைத்துக்கொள்கின்றேன்.

முதலில், துணிப்பை எதற்கு? மட்சாடியும் பிளாத்திக்கு வாளியும் இருக்கத் துணியை ஏன் தேடவேண்டும்? விடை வேரில் இருக்கின்றது. இறுகிய சுவருடைய சாடியில் வளரும் வேர், சுவரை முட்டியதும் திரும்பி, உட்புறமாகச் சுற்றிச் சுற்றி ஓடும். நாளடைவில் வேர்கள் கயிற்றுச் சுருள்போல் ஒன்றையொன்று நெருக்கும். நடுவிலிருக்கும் மண் பயன்படாது போகும். துணிப்பையிலோ வேரின் நுனி துணியை அடைந்ததும் வெளிக்காற்றுப் பட்டு உலர்ந்து நின்றுவிடும். நுனி நின்றதும் அவ்வேர் பின்னாலிருந்து பல கிளைவேர்களை விடும். இவ்வாறு பையின் மண் முழுவதும் சிறு வேர்களால் நிறையும். நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சுவன இச்சிறு வேர்களே. அமெரிக்காவில் ஒக்லகோமா மாநிலத்து மரநாற்றுப் பண்ணையாளர் 1980 களிலேயே மரக்கன்றுகளைத் துணிப்பைகளில் வளர்க்கத் தொடங்கிவிட்டனர். வீட்டுத்தோட்டக்காரர் பின்னரே அதனை ஏற்றனர்.

வேறு நன்மைகளும் உண்டு. மிகுந்த நீர் துணியினூடாகக் கசிந்து வெளியேறுவதால் வேர் அழுகுவது அரிது. துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது மண்ணும் குளிர்கின்றது. வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாத்திக்குச் சாடியைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இதன் அருமை விளங்கும்.

ஆனால், நேயர்களே, இந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. காற்றை உள்ளே விடும் துணி நீரை வெளியே விடுகின்றது. நிலத்தில் நிற்கும் செடி, நாம் இரண்டு நாள் மறந்தாலும், வேரை ஆழச் செலுத்தி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். பையில் நிற்கும் செடிக்குத் தேடுவதற்கு இடமில்லை. நிலம் நம் மறதியைப் பொறுத்துக்கொள்ளும், பை பொறுத்துக்கொள்ளாது. இதனை மனத்திற் கொண்டால் மற்றவை யாவும் எளிது.

இனிப் பையைப் பற்றிச் சொல்கின்றேன். கடைகளில் விற்கும் கம்பளம் போன்ற தடித்த துணிப்பை சில ஆண்டுகள் உழைக்கும். சணற்சாக்கு ஒரு போகத்திலேயே உக்கிவிடும். அதுவும் தீமையன்று, உக்கியதைக் கூட்டெருவிற் சேர்க்கலாம். நம்மிடம் எளிதிற் கிடைப்பது 50 கிலோ உரப்பை. அதன் உள்ளே பொலித்தீன் உறை இருந்தால் நீக்கிவிட்டு, பையை நன்கு கழுவி, வாயைப் பாதியளவுக்கு வெளிப்புறமாக மடித்துக்கொள்ளலாம். ஆயினும் அவ்விழை வெயிலில் நாளடைவில் நொறுங்கி மண்ணோடு கலக்கும். நொறுங்கத் தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும். எப்பையாயினும் 12 அங்குல உயரமும் அதற்குச் சற்று மேற்பட்ட அகலமும் வேண்டும். அது ஏறத்தாழ 25 லீற்றர் மண் கொள்ளும். ஒரு பைக்கு ஒரு செடியே போதும். இரண்டை நட்டால் இரண்டும் பசித்திருக்கும்.

என் பத்துப் பைகளுள் நான்கு பட்டது மண்ணினால். மிளகாய் நட்டிருந்த பழைய பாத்தியிலிருந்து அந்த மண்ணை எடுத்தேன். செடிகள் செழித்து, பூக்கும் தறுவாயில், இலைகள் பச்சையாக இருக்கும்போதே ஒரு நண்பகலில் வாடின. மறுநாளும் வாடின, பின்னர் எழவேயில்லை. இது பற்றீரியா வாடல் நோய். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகிய யாவும் ஒரே குடும்பத்தன. ஒன்றைப் பற்றிய நோய் மற்றதையும் பற்றும். நோயை அறிய ஓர் எளிய வழி உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நீரிற் படும்படி பிடித்தால், சில நிமிடங்களில் அதிலிருந்து பால்போன்ற வெண்ணிழை இறங்கும். இழை இறங்கினால் மருந்து தேடி அலையவேண்டாம். அச்செடியையும் மண்ணையும் அகற்றிவிட வேண்டும். கூட்டெருக் குழியிற் போடவே கூடாது.

இங்கேதான் பையின் பெருநன்மை இருக்கின்றது. நோய் கொண்ட தோட்டத்து மண்ணை மாற்ற யாராலும் இயலாது. ஒரு பையின் மண்ணை மாற்றுவது எளிது. ஆதலால் மேற்சொன்ன பயிர்கள் நின்ற மண்ணைத் தவிர்த்து வேறு நல்ல மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும்; நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்னரே சேர்க்க வேண்டும். அடுப்புச் சாம்பலை அளவோடு இடுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணற்றுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது; சாம்பல் அதனை மேலும் கூட்டும். தக்காளியோ சிறிது புளிப்புத்தன்மை உள்ள மண்ணையே விரும்பும்.

விதையைப் பொறுத்தவரை, விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, மகேஷி, ராஜித முதலிய இனங்கள் நம் நாட்டில் உள்ளன. உங்கள் பகுதிக்கு எது ஏற்றது, எது வாடல் நோயைத் தாங்கும் என்று விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு வாங்குவது நன்று. சந்தையில் வாங்கிய கலப்பினப் பழத்தின் விதையிலிருந்து தாயைப் போன்ற செடி வருமென்று நம்ப இயலாது.

காலமும் முக்கியம். இரவு வெப்பம் மிகுந்தால் தக்காளிப்பூ காய் பிடியாது உதிரும். ஆகவே நம் தாழ்நிலப் பகுதிகளில், குளிர்ந்த இரவுகளையுடைய தை, மாசி மாதங்களிற் பூக்கும்படி நடுவது நன்று. கார்த்திகைக் கடைசியில் நாற்றிட்டால், மாரி மழையின் கடுமை தணியும் மார்கழிக் கடைசியில் மூன்று நான்கு வார நாற்றை நடலாம். நடும்போது கீழிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைச் சற்று ஆழப் புதையுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடுவது தக்காளியின் இயல்பு. ஊன்றுகோலை அன்றே நட்டுவிடுங்கள். பின்னர் நட்டால் வேர் அறுபடும். நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயிலாவது படும் இடமே ஏற்றது.

மற்றை மூன்று பைகள் பட்டது நீரினால். இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தேன். திரும்பி வந்து நிறைய நீர் ஊற்றினேன். நீர் பையின் அடியால் உடனே வழிந்ததைக் கண்டு மண் நனைந்ததென்று மகிழ்ந்தேன். உண்மையில் நனையவில்லை. எருவும் தும்புத்தூளும் மிகக் காய்ந்தால் சுருங்கித் துணியைவிட்டு விலகிவிடும். ஊற்றும் நீர் அவ்விடைவெளியால் ஓடிவிடும், நடுமண் காய்ந்தே இருக்கும். அவ்வாறு காய்ந்த பைக்குச் சிறிது சிறிதாக, பலமுறை இடைவிட்டு ஊற்றவேண்டும். அல்லது பையையே ஓர் அகன்ற பாத்திரத்து நீரில் அரைமணி நேரம் வைக்கலாம். நாள்தோறும் காலையில் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமில்லையேல் நீர் ஊற்றுங்கள். வளர்ந்த செடி கடும் வெயில் நாளில் இரண்டு லீற்றருக்கு மேலும் குடிக்கும். அத்தகைய நாட்களில் மாலையிலும் பாருங்கள். மண்ணின்மேல் உலர்ந்த சருகோ பொச்சுத் துண்டுகளோ பரப்பினால் ஈரம் நிலைக்கும்.

ஒருநாள் காய்ந்தும் ஒருநாள் நனைந்தும் வளரும் செடியின் காய்களில் அடிப்புறம் கறுத்துக் குழிவிழும். பலர் இதனைப் பூச்சியென்று எண்ணி மருந்தடிப்பர். இது பூச்சியன்று. நீரோட்டம் சீராக இல்லாமையாற் காய்க்குச் சுண்ணாம்புச் சத்தாகிய கல்சியம் போய்ச் சேராமையே காரணம். மருந்து, தவறாத நீரூற்றலே.

நகரவாசிகளுக்கு வேறு சில எச்சரிக்கைகள். பைக்கு அடியிலே தட்டு வைப்பீர்களாயின், அதில் நீர் தேங்க விடாதீர்கள். நுளம்பின் முட்டை வளர்ந்து நுளம்பாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். 2017 ஆம் ஆண்டில் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர் என்பதை மறத்தல் ஆகாது. தட்டைத் தவிர்த்து, இரண்டு செங்கற்களின்மேல் பையை வைப்பதே நன்று. மேலும், 25 லீற்றர் பை நனைந்த நிலையில் 25 முதல் 30 கிலோ வரை நிறையுடையது. இருபது பைகள் அரைத் தொன்னுக்கு மேலாகும். ஆதலால் மேல்மாடியின் நடுவிலே குவிக்காது, சுவரும் தூணும் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். உயர்ந்த மாடிகளில் வண்டு, தேனீக்களின் வரவு குறைவு. தக்காளிப்பூ தன்னைத்தானே கருவுறச் செய்வதாயினும் அதற்கு ஓர் அசைவு வேண்டும். காலை ஒன்பது பத்து மணியளவிற் பூக்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டினாற் போதும்.

வெண்ணிற ஈ இலைச்சுருள் நோயைப் பரப்பும். நாள்தோறும் இலையின் அடிப்புறத்தைப் பார்ப்பதே முதற் காப்பு. இடித்த வேப்பம்பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, மாலையில் தெளிக்கலாம். இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு இடுங்கள். எருவை அளவுமீறி இட்டால் இலை செழிக்கும், காய் குறையும். நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் முதற்பழம் பறிக்கலாம்.

இதனாற் சந்தைக்குப் போகவேண்டிய தேவை நீங்கிவிடுமா என்று கேட்டால், நீங்காது. நன்கு பேணிய ஒரு செடி இரண்டு கிலோ தந்தால் மகிழலாம். சில பைகளால் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவை தீராது. விலை ஏறிய சில வாரங்களில் கறிக்குப் புளிப்புச் சேர்க்க அது உதவும். அதனிலும் மேலாக, சந்தையில் ஒரு கிலோ தக்காளியை விலை பேசும்போது, அதனை விளைவித்த கமக்காரன் எத்தனை காலைகள் மண்ணைத் தொட்டுப் பார்த்திருப்பான் என்பது நமக்கு விளங்கும்.

ஆகவே, நேயர்களே, ஆசையினாற் பத்துப் பை வைத்து ஏழை இழக்கவேண்டாம். மூன்று பையுடன் தொடங்குங்கள். அந்த மூன்றையும் ஒருநாளும் மறவாதிருக்க முடிகின்றதா என்று ஒரு போகம் பாருங்கள். வெளியூர் செல்ல நேர்ந்தால் அயல்வீட்டாரிடம் நீரூற்றும் பொறுப்பை ஒப்படையுங்கள். பழுத்த பின் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். அடுத்த மாரியில் அவர்கள் வீட்டிலும் ஒரு பை நிற்கும்.