விண்ணிலிருந்து பொழியும் எலக்ட்ரான்கள்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அறிவியல் பற்றிப் பேசுமாறு கழகத்தார் என்னைப் பணித்தனர். நான் விஞ்ஞானி அல்லேன். அரசுப் பள்ளியொன்றின் தலைமையாசிரியன். எனினும் என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இன்று எனக்குக் கைகொடுக்கிறது. “ஐயா, பூமி ஒரு காந்தம் என்கிறீர்களே! அந்தக் காந்தம் ஆகாயத்தில் எதைப் பிடித்து வைத்திருக்கிறது?” என்று அவன் கேட்டான். அன்று என்னிடம் விடையில்லை. நூல்களைத் தேடிப் படித்து, மறுவாரம் அவனுக்குச் சொன்னவற்றையே இங்கும் சொல்லப் போகிறேன்.

1958-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1ஐ ஏவியது. அதில், துகள்களை எண்ணும் கைகர் கருவியை ஐயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலனும் அவர்தம் மாணவர்களும் பொருத்தியிருந்தனர். தாழ்ந்த உயரத்தில் ஒழுங்காக எண்ணிய கருவி, உயரே சென்றதும் மௌனமாயிற்று. கணக்கு சுழியாக நின்றது. கருவி பழுதுபட்டதோ? கார்ல் மக்கில்வெய்ன் என்னும் ஆராய்ச்சி மாணவர் அதே வகைக் கருவியின்மீது வலிய எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் பார்த்தார். அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தால் அக்கருவி எண்ண முடியாமல் ஓய்ந்துவிடும் என்பது தெளிவாயிற்று. எண்ண ஒன்றுமில்லாமையால் அன்று, எண்ண இயலாத அளவுக்கு மிகுந்திருந்தமையாலேயே அது மௌனமாயிற்று! மார்ச் மாதம் சென்ற எக்ஸ்புளோரர்-3 இதனை உறுதி செய்தது. மே 1-ஆம் நாள் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அப்பகுதிகளே வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள்.

இவற்றுள் வெளிப்பட்டை, ஏறத்தாழ 13,000 முதல் 60,000 கிலோமீட்டர் உயரம் வரை பரவியுள்ளது. அங்கே எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிறைப்பட்டுள்ளன. பத்து லட்சம் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடைய எலக்ட்ரான், ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலான வேகத்தில் ஓடுவது. பந்தற்காலைச் சுற்றிப் படரும் கொடிபோல அது காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றிச் செல்லும். துருவத்தை நெருங்க நெருங்கக் காந்தம் வலுக்கும். ஓரிடத்தில் அதனைத் திருப்பி அனுப்பிவிடும். இவ்வாறு வடக்கும் தெற்குமாய் அது போய் வர ஒரு நொடிகூட ஆவதில்லை. அத்துடன் கிழக்கு நோக்கி நகர்ந்து, அரை மணி நேரத்திற்குள் பூமியையே வலம் வந்துவிடும்.

இச்சிறையிலிருந்து தப்ப வழி உண்டா? உண்டு, முக்கியமானவை இரண்டு. சூரியக் காற்று காந்தப்புலத்தை நெருக்கும்போது, புற எல்லையைக் கடந்து வெளியேறுவது ஒன்று. கீழ்நோக்கி வளிமண்டலத்தில் வீழ்வது மற்றொன்று. விண்வெளியில் இயற்கையாகவே எழும் சில மின்காந்த அலைகள் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாகின்றன. அவற்றுள் ஒருவகையை ஒலியாக மாற்றிக் கேட்டால், விடியற்காலைப் பறவைகளின் கூட்டொலி போலிருக்கும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவதுபோல, எலக்ட்ரானின் சுழற்சியோடு ஒத்திசையும் அலை அதன் திசையை மாற்றிவிடுகிறது. அதனால் அது திரும்பவேண்டிய இடம் தாழ்ந்து, வளிமண்டலத்துக்குள் இறங்குகிறது. திரும்புமுன்பே காற்றின் மூலக்கூறுகளில் மோதி எலக்ட்ரான் தன் ஆற்றலை இழக்கிறது. துடித்துத் துடித்து ஒளிரும் ஒருவகைத் துருவ ஒளி இத்தகைய அலைகளால் விளைவதே என்பதை, ஜப்பானின் அரசே செயற்கைக்கோள் கண்ட சான்றுகள் 2018-இல் நிலைநாட்டின.

கீழே விழுவதை அளப்பது எங்ஙனம்? 2013, 2014 ஆண்டுகளின் தொடக்கத்தில், டார்ட்மத் கல்லூரியின் பேராசிரியை ராபின் மில்லன் தலைமையிலான குழுவினர், அண்டார்க்டிகாவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது பலூன்களைப் பறக்கவிட்டனர். வீழும் எலக்ட்ரான்கள் பலூனின் உயரத்தை எட்டுவதில்லை. ஆனால் அவை காற்றில் மோதும்போது பிறக்கும் எக்ஸ் கதிர்கள் எட்டும். அக்கதிர்களைக் கொண்டு, மேலே பொழிந்த மழையைக் கணித்தனர். மாணவியரே, அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணி என்பதை மனத்தில் இருத்துங்கள்.

வீழ்ந்த எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன? ஆற்றல் குறைந்தவை 100 கிலோமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும். மிக்கவை 60 கிலோமீட்டர் வரை இறங்கும். அங்கே நைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிளக்க, நைட்ரஜன் ஆக்சைடுகள் தோன்றுகின்றன. நீராவியிலிருந்து ஹைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகின்றன. இவ்விரு வகையும் ஓசோனை அழிப்பவை. 60 முதல் 80 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் சில வேளைகளில் 90 விழுக்காடு வரை குறைந்ததாக 2014-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. துருவங்களின் நீண்ட குளிர்கால இரவில் சூரிய ஒளி இல்லாமையால், நைட்ரஜன் ஆக்சைடுகள் அழியாமல் மெல்ல இறங்கி, கீழுள்ள ஓசோனையும் தாக்குகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம்மைக் காக்கும் ஓசோனின் பெரும்பகுதி இதனினும் தாழ்ந்த உயரத்தில் உள்ளது. 1985-இல் அண்டார்க்டிகாவின் ஹாலி நிலைய அளவைகளால் வெளிப்பட்ட ஓசோன் துளைக்குக் காரணம், மனிதன் செய்த குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்களே, எலக்ட்ரான்கள் அல்ல. இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிந்தால்தான், யார் திருந்த வேண்டும் என்று நேர்மையாகக் கூற இயலும். எனவேதான் உலகத் தட்பவெப்பக் கணிப்புகளுக்கென 2017-இல் வெளியிடப்பட்ட சூரியத் தரவுகளில், இந்த எலக்ட்ரான் வீழ்ச்சியும் சேர்க்கப்பட்டது.

மனிதன் இந்தச் சிறையிலும் கைவைத்ததுண்டு. 1962 ஜூலை 9-ஆம் நாள், பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. அது புதியதொரு எலக்ட்ரான் பட்டையையே உண்டாக்கிற்று. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார்-1 தொலைத்தொடர்புக் கோள் அக்கதிர்வீச்சால் கெட்டு, 1963 பிப்ரவரியில் அடியோடு ஓய்ந்தது. நொடியில் செய்த பிழையைக் கழுவ இயற்கைக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

மாணவச் செல்வங்களே! வான் ஆலனின் கருவி சுழியைக் காட்டியபோது, “ஒன்றுமில்லை” என்று எழுதி மூடியிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு கைநழுவியிருக்கும். “சுழி ஏன்?” என்று கேட்டு, சோதித்துப் பார்த்தவர் உங்களைப் போன்ற ஒரு மாணவர். நீங்களும் கேளுங்கள். கேள்விக்கு விடை தெரியாத ஆசிரியர் முன்னும் தயங்காது கேளுங்கள். அந்தச் சிறுவன் கேட்டதனால்தான் ஐம்பது வயதைக் கடந்த நானும் இதனைக் கற்றேன். ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல்: வகுப்பில் வாய்திறவாத பிள்ளையைச் சுழி என்று எண்ணிவிடாதீர்கள்.