பாயில் தொடங்கும் பயிற்சி

 

நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுதார்கள். ஸஜ்தாவின்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ள தம் பிள்ளையைப் பள்ளிவாசல் வாசல்வரை தூக்கிவரவும் கூசும் தந்தையர் நம்மிடையே இல்லையா? வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சிற்றூர்வாசிகள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

முதலில் ஒரு பழியைத் துடைப்போம். இது தாயின் குற்றமன்று. கிரகணமோ கண்ணேறோ சொந்தத்தில் மணமுடித்ததோ காரணமன்று. இரண்டாக இருக்கவேண்டிய இருபத்தொன்றாவது குரோமோசோம் மூன்றாக அமைந்துவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் 1959லேயே இதை வெளியிட்டுவிட்டார்கள். மாமியார்களுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை!

இக்குழந்தைகளின் தசைகள் தளர்ந்தும் மூட்டு நார்கள் நெகிழ்ந்தும் இருக்கும். பெரும்பாலோர் இரண்டு வயதையொட்டி நடக்கிறார்கள். மூன்று, நான்கு வயதாகிறவர்களும் உண்டு. “தானாக நடந்துவிடும்” என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. நடந்துவிடும்தான், எப்படி நடக்கும் என்பதே கேள்வி. கால்களை அகட்டி, முழங்காலைப் பின்னுக்குப் பூட்டி, பாதம் வெளிப்புறம் திரும்ப நடந்து பழகிவிட்டால், வளர்ந்தபின் முழங்காலும் பாதமும் வலியால் வருந்தும். அதைத் தடுப்பதே பிசியோதெரபி எனும் இயன்முறை மருத்துவத்தின் முதல் நோக்கம்.

இதற்கு வீட்டுப் பாய் போதும். குழந்தை விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவைத்து, எதிரில் உங்கள் முகத்தைக் காட்டுங்கள். பார்ப்பதற்காகவே தலையைத் தூக்கும். உட்காரும்போது தொடைகள் அகல விரியாமல் சேர்த்து வையுங்கள். நிற்கப் பழகும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இடுப்பைத் தாங்குங்கள். குட்டிக்கரணம் கூடவே கூடாது. கழுத்தெலும்பு மூட்டு நெகிழ்ந்திருக்கலாம். இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயக் குறை இருப்பதால், எக்கோ பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

பாகூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை அறிவோம். ஆகவே, போகும் நாளில் தந்தையும் உடன் சென்று பயிற்சியைக் கற்றுவரட்டும். தாய் ஒருத்தியே சுமக்க வேண்டியதன்று. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோமும் அடங்குவதால், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். நிராமயா காப்பீட்டில் பயிற்சிச் செலவு உட்பட ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை பெறலாம்; அதற்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப்பின் ஜமாஅத் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.